துறைமுகத்துக்கு இரண்டு மதிப்பெண்

எழுபத்தெட்டு. பிரகாசி டீச்சர் மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழே வந்தாலும் எழுபத்தெட்டு, கீழிருந்து மேலே போனாலும் அதே எழுபத்தெட்டு. பாழாய்ப்போன கூட்டல் எந்தப் பக்கமாகப் போனாலும் அங்கேயே வந்து குத்துக்கல்லாக உட்கார்ந்துகொள்கிறது. நூற்றுக்கு எண்பது எடுத்தால் இந்தப் பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாமும் மரகதம்மாள் அறக்கட்டளையின் பொறுப்பு. எழுபத்தொன்பதரை என்றாலும் கிடையாது. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்கென்றே வருஷா வருஷம் அவர்கள் நடத்துகிற தேர்வு. பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு எழுதுவார்கள். கிடைத்த பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போகும், கிடைக்காத பிள்ளை அடுத்த வாரமே அம்மாவோடு பாத்திக்கு உப்பு வாரப் போகும். அதற்கு நடுவே வேறு ஒன்றும் கிடையாது என்பது தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாளின் மூலையில் பெயருக்குப் பதிலாக 417 என்று ஓர் எண். ஆணா பெண்ணா தெரியாது. ஆனால் அந்த ‘ழ’கரத்தின் சுழிப்பைப் பார்த்ததும் பெண் என்று முடிவு கட்டிவிட்டாள், ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எல்லாம் ஒழுங்காக எழுதிய பிள்ளை. கடைசிப் பக்கத்தில் தமிழ்நாட்டு வரைபடம், குறிக்க வேண்டிய இடம் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். மேட்டூர் அணை சரி, ஏற்காடு சரி, கல்பாக்கம் சரி, கொடைக்கானல் சரி. ஐந்தாவது தூத்துக்குடித் துறைமுகம். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. அந்தச் சுழியைப் போட்டவள் வேறு யாருமில்லை, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவளேதான். புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது. பிள்ளை பேனாவை அழுத்திக் குத்தியிருந்ததில் தாளின் பின்பக்கம் வரைக்கும் முண்டு தெரிந்தது, விரலால் தடவினால் தட்டுப்பட்டது. பிறந்து வளர்ந்த ஊரைக் குறிக்கச் சொன்னால் யாருக்குத்தான் கை நடுங்கும். நடுங்க வேண்டிய கை தன்னுடையது என்று பிரகாசிக்குத் தோன்றியது. அது நடுங்காமல் சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறது, சனியன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓட்டைத் தாள். வரைபடத்தைச் சட்டுப்புட்டென்று திருத்துவதற்காகக் குணசீலன் சார் தன் கையால் செய்து கொண்டுவந்தது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளில் தமிழ்நாட்டை வரைந்து, ஐந்து இடத்திலும் ஊதுபத்தி நெருப்பால் சுட்டுத் துளை போட்டிருந்தார். பிள்ளையின் படத்தின் மேல் இதை வைக்க வேண்டியது, புள்ளி துளைக்குள் தெரிந்தால் இரண்டு, தெரியாவிட்டால் சுழி. தலைமைத் திருத்துநர் அவர்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேட்டி சட்டை மடிப்புக் கலையாத மனிதர். திருத்துகிற நான்கு பேருக்கும் ஆளுக்கொன்றாக நான்கு தாள், நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே சூட்டில் சுட்டிருக்கிறார், அதனால் நான்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி. அதில்தான் வினை. தூத்துக்குடித் துளை ஒரு விரற்கடை மேலே ஏறிப்போய், சாயல்குடிக்கும் கீழக்கரைக்கும் நடுவே எங்கேயோ ராமநாதபுரத்துக் கரையில் போய் உட்கார்ந்திருந்தது. முதல் நாள் காலையில் அதைப் படத்தின் மேல் வைத்த உடனே பிரகாசி பார்த்துவிட்டாள். பார்க்காமல் எப்படி. அவர்கள் உட்கார்ந்திருந்தது அறக்கட்டளையின் கல்யாண மண்டபத்து மாடியில், பந்தி போடுகிற நீள மேசையில், எதிரே பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பளுதூக்கிகள் வரிசையாக நிற்கின்றன. காற்றில் உப்பு வருகிறது, உதட்டை நக்கினால் கரிக்கிறது. அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் மூன்று நாளாகத் தூத்துக்குடி இருக்கிற இடத்தில் இல்லை என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வெளியில் சொன்னால் வழித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

முதல் நாள் காலையில் மாதிரித் திருத்தம் என்று ஒன்று நடந்தது. “ஆளாளுக்கு ஒரு விதமாத் திருத்திரக் கூடாதுல்லா, முதப் பேப்பர எல்லாரும் சேந்து பாப்போம்” என்று குணசீலன் சார் ஒரு தாளை நடுவில் வைத்தார். கேள்வி கேள்வியாகப் பார்த்துக்கொண்டே வந்து வரைபடத்துக்கு வந்ததும் ஓட்டைத் தாளை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “தூத்துக்குடி ஓட்டைக்குள்ள விழல. என்ன செய்வோம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, சரியா, தப்பா?” மேசையின் அந்த முனையில் ஐகோர்ட்துரை சார், செம்மண் தேரிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்காரர், செய்தித்தாளிலிருந்து பாதிக் கண்ணை மட்டும் எடுத்து, “ஓட்டைக்குள்ள இல்லேன்னா தப்புதான சார்” என்றார். அடுத்து காயல்பட்டினத்து மைமூன் டீச்சர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “தப்பு” என்றாள். அடுத்து மாசிலாமணி, வேலையில் சேர்ந்து எட்டு மாதமே ஆன பையன், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “தப்புதான் சார்.” கடைசியில் பிரகாசி. சரி என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இரண்டே எழுத்து. அதற்குப் பின்னால் சொல்ல வேண்டியதும் தயாராக இருந்தது, சார் ஓட்டை மேல ஏறிப்போச்சு, ஒரு ஊதுபத்தி குடுங்க வேற சுட்டிருவோம். வாயைத் திறந்தாள். “தப்பு சார்” என்று ஒரு குரல் கேட்டது, நல்ல தெளிவான குரல், வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்குமே அந்தக் குரல். “அப்ப எல்லாரும் தப்புங்கிறீங்க. சரி, பாத்துச் செய்யுங்க” என்று அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். இவ்வளவு பெரிய அநியாயம் நடக்க ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று அன்றிலிருந்து தன்னையே பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள். குணசீலன் சார் என்ன புலியா. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அதட்டுகிற ஆளாக இருந்திருந்தால் அவளும் ஒரு கை பார்த்திருப்பாள். ரேஷன் கடையில் எடை குறைத்தவனைத் தெருவே கூடும்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுகிற மாதிரி கேட்டவள் அவள். பெலிக்ஸ் இன்றைக்கும் அந்தக் கடைப் பக்கம் போக வெட்கப்படுகிறார், மனைவி போட்ட சத்தத்தை நினைத்து. அந்த வாய் எங்கே போயிற்று. அதட்டுகிறவன் முன்னால் வருகிற வாய், பாத்துச் செய்யுங்க என்கிறவர் முன்னால் வரமாட்டேன் என்கிறதே. காரணம் அவரும் அல்ல, அந்த மூன்று தப்புகள்தான். முதல் தப்பு விழுந்ததும் ஐகோர்ட்துரைக்குக் கவனமில்லை என்று நினைத்தாள். இரண்டாவது விழுந்ததும் மைமூனுமா என்று திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது விழுவதற்குள், ஆமாம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, படத்தையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். அச்சடித்ததில் கரை நகர்ந்திருக்குமோ, கண்ணாடி மாற்ற வேண்டிய காலமோ, மூன்று பேருக்குமா கண் தெரியாது. எம்.ஏ. புவியியல், பல்கலைக்கழகத்தில் மூன்றாவது இடம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிக் கரையோரமாக விரலை ஓட்டி ராமேஸ்வரத்து மூக்கிலிருந்து இறங்கி உள்வாங்குகிற வளைவில் ‘நம்ம ஊர்’ என்று நிறுத்தப் பழக்கியவள், மூன்று பேர் தப்பு என்றதும் கடலையே சந்தேகப்பட்டாள். கேட்கிறதற்கே எரிச்சலாக இருக்கிறது. முன்பொரு நாள் பஸ்ஸிலும் இப்படித்தான். திரேஸ்புரத்திலிருந்து மீன் கூடையோடு ஏறிய ஒருத்தியை நாறுகிறது என்று நடத்துநர் நடுவழியில் இறக்கிவிட்டான். டிக்கெட் வாங்கினவள், நல்ல வெயில். அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஐம்பது முகமும் ஜன்னலுக்கு வெளியே திரும்பின. பிரகாசியின் முகமும் திரும்பியது. அவள் அம்மாவும் கூடை சுமந்தவள்தான், அந்த நாற்றத்தில்தான் இவள் எம்.ஏ. வரைக்கும் படித்தாள். யாராவது ஒரு ஆள் முதலில் வாயைத் திறக்கட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று அன்றைக்குக் காத்திருந்தாள். ஐம்பது பேரும் அதற்குத்தான் காத்திருந்தார்களோ என்னவோ, பஸ் கிளம்பிப் போய்விட்டது.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இப்போது இந்த 417க்கு என்ன வழி. ஓட்டைத் தாளை எடுத்துப் படத்தின் மேல் வைத்துக் கொஞ்சம் கீழே இழுத்தாள். அப்பாடா, புள்ளி துளைக்குள் வந்துவிட்டது. ஆனால் மேட்டூர் வெளியே போய்விட்டது. லேசாகச் சாய்த்தாள், மேட்டூர் வந்தது, கல்பாக்கம் கடலுக்குள் விழுந்தது. இதென்ன பிழைப்பு, நாற்பத்தாறு வயதில் பிளாஸ்டிக் தாளை வைத்துக்கொண்டு பம்பரம் சுற்றுகிற பிழைப்பு. வேறு எங்காவது இரண்டு மதிப்பெண் ஒளிந்திருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். வேலூர்ப் புரட்சிக்கு ஐந்துக்கு நான்கு போட்டிருந்தது, அதை நாலரை ஆக்கலாம், அரைதான் கிடைக்கும். பருவக்காற்றுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாயிற்று. பிள்ளை ரொம்ப நன்றாக எழுதியிருந்ததுதான் தொந்தரவு, குறைத்த இடமே கொஞ்சம். குறைத்த இடத்திலெல்லாம் நியாயமாகக் குறைத்திருந்தாள். நியாயமில்லாமல் குறைத்தது ஒரே இடம், அந்த இடத்தில்தான் கை வைக்க முடியவில்லை. யோசித்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்று, “டீச்சர், புக்குல நம்ம மாவட்டத்துல ஆறே இல்லேன்னு இருக்கு, தாமிரபரணி எங்க வீட்டுப் பின்னாலதான ஓடுது?” என்று கேட்டாள். யாரோ எழுதி யாரோ அச்சடித்த ஒரு வழிகாட்டி நூல், அதில் ஒரு பிழை. பிரகாசிக்குத் தெரியும். அன்றைக்குத் தலைமையாசிரியை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். “பரீட்சைக்குப் புக்குல உள்ளத எழுது, வீட்டுக்குப் போயி ஆத்துல குளி” என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்துவிட்டாள். நல்ல நகைச்சுவை என்று தானும் சிரித்தாள். அந்தப் பெண் உட்காரும்போது முகம் எப்படி இருந்தது. பார்க்கவில்லை. பலகையில் எதையோ அழிக்கத் திரும்பிவிட்டாள், எப்போதும் திரும்புவதற்கு ஏதாவது ஒரு திசை இருந்துகொண்டே இருக்கிறது. அப்படிக் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர் எண்பதுக்கு வராமல் போனார்கள், எத்தனை பேர் கேட்பதையே விட்டார்கள், கணக்கு யாரிடம் இருக்கிறது. மண்டபத்துச் சாம்பார் வாடை மூன்று நாளாகத் திரைச்சீலையிலும் மேசையிலும் ஏறி நின்றது, இப்போது தொண்டையிலும் ஏறியது.

மூன்றரைக்குத் தேநீரும் வடையும் வந்தன. குணசீலன் சார் தன் தனி மேசையிலிருந்து எழுந்து, கையில் தம்ளரோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். இதுதான் சமயம் என்று பிரகாசி உள்ளுக்குள் வார்த்தையை அடுக்கினாள். சார், ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம் என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும், சின்ன விஷயமா இது. சார், தப்பா நினைக்கலன்னா. அவர் தப்பாக நினைத்தால் என்ன, குடி முழுகிவிடுமா. சார், தூத்துக்குடி ஓட்டை. ஆம், இப்படியே நேராக, தூத்துக்குடி ஓட்டை மேல இருக்கு சார். அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவளுடைய கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துப் புரட்டினார், வரைபடத்தில் கொஞ்ச நேரம் நின்றார், தலையை ஆட்டினார். நேற்றும் இப்படித்தான் எடுத்துப் பார்த்தார், முந்தாநாளும். “பிரகாசி டீச்சர் பேப்பரப் பாத்தா மனசுக்கு ஒரு தெளிவு கெடைக்கும்” என்று மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். முகம் சூடேறியது. பாராட்டு என்றால் உடம்பு எப்படிக் கூச்சமில்லாமல் மலர்கிறது பார், மூதேவி உடம்பு. “என்ன டீச்சர், ஏதோ சொல்ல வந்தீங்க?” என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டுக் காத்தும் நின்றார். எதிரே ஐகோர்ட்துரை வடையைக் கடித்தபடி நிமிர்ந்தார், மைமூன் நிமிர்ந்தாள், மாசிலாமணி நிமிர்ந்தான். “வடை நல்லா மொறுமொறுன்னு இருக்கு சார்” என்றாள் பிரகாசி. அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். அவள் இன்னும் வடையைத் தொடவே இல்லை. தொடாத வடைக்கு நற்சான்று கொடுத்துவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் மட்டும் இந்த வாய் என்ன சொல்லிவிடப் போகிறது, கண்ணில் தூசி என்று சொல்லும்.

கையே செய்தது. வாய்க்குத்தான் ஆகவில்லை, கைக்கு ஆனது. பேனா சுழியின் மேல் ஒரு கோடு போட்டது, பக்கத்தில் 2 என்று எழுதியது, கீழே சுருக்கொப்பம். முதல் பக்கத்தில் 78ஐ அடித்து 80 என்று எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. யாராவது பார்த்தார்களா என்று கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். கடையில் எதையோ எடுத்து முந்தானைக்குள் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. என்ன கொடுமை இது, மூன்று நாளாகத் தப்பாகத் திருத்தியபோது வராத திருட்டுப் பயம், ஒரு பேப்பரைச் சரியாகத் திருத்தியதும் வந்து குந்திக்கொள்கிறது. ஆனாலும் அடியில் எங்கேயோ ஒரு சந்தோஷம். நான் செய்துவிட்டேன், இந்த மேசையில் நான் ஒருத்திதான் செய்தேன். அந்தச் சந்தோஷத்தை ஒருத்தரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றிருந்தது. மைமூன் நல்லவள், வெளியே விடமாட்டாள். பக்கமாகச் சாய்ந்து, உதடு அசையாமல், “டீச்சர், ஒண்ணு செஞ்சிட்டேன். அந்தத் தூத்துக்குடிக்கு ரெண்டு மார்க் போட்டுட்டேன். பிள்ள சரியாத்தான் குறிச்சிருக்கு, மனசு கேக்கல” என்றாள். மைமூன் பேனாவை நிறுத்தவே இல்லை. “போடத்தான செய்யணும்? நான் முதநாள்லருந்தே போட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.” பிரகாசிக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருந்தது, விழுந்தும் இருந்தது. “நீங்க தப்புன்னுல்லா சொன்னீங்க அன்னைக்கு?” “அல்லா, அவ்வளவு பேர் முன்னால அந்த மனுசன் கையால செஞ்சத ஓட்டைன்னா சொல்லுவாக? பேனா நம்ம கையிலதான இருக்கு. ஐகோர்ட்டு சாரும் போடுதாக, நான் பாத்தேன். அந்தப் பையனும் ரெண்டாம் நாள்லருந்து போடுதான்.” இப்போதுதான் மைமூன் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகிக்கொண்டே வந்தது. “ஏன் டீச்சர், நீங்க போடலியா?”

போடவில்லை. ஒரு நாளைக்கு இருபத்துநாலு தாள், இரண்டு நாள், இன்று காலையில் பன்னிரண்டு. மத்தியானத்துத் தாள்கள் கையிலேயே இருக்கின்றன, மாற்றிவிடலாம். இந்த அறுபது தாள், ஐந்து கட்டு, ஐந்தும் கட்டி அரக்கு வைத்தாயிற்று. அறுபதில் இந்த ஊரை மேலே தள்ளிக் குறித்து ஓட்டைக்குள் விழுந்த பிள்ளை எத்தனை இருக்கும், மூன்றோ நான்கோ. அந்த மூன்று நான்கு பேருக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் தாராளமாகப் போட்டிருக்கிறாள். சரியாகக் குறித்தவர்களில் எழுபத்தெட்டும் எழுபத்தொன்பதும் எத்தனை என்று யாருக்குத் தெரியும், அவள் முதல் பக்கத்து எண்ணை எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்க்கொண்டே இருந்தவள். எல்லாரும் போட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் தப்பு என்று வாயால் சொல்லிவிட்டுக் கையால் சரி என்று எழுதியிருக்கிறார்கள், அவள் ஒருத்திதான் சொன்னதையே செய்த உத்தமி. நேர்மைக்காரி. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் ஆத்திரம். ஒரு வார்த்தை காதில் போடாத மைமூன்மேலா, செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த அந்த ஐகோர்ட்துரைமேலா, எட்டு மாத அனுபவத்தில் இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட மாசிலாமணிமேலா. நானும்தான் யார் காதிலும் போடவில்லை, நானும்தான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் பயத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு இடம் வைத்திருந்தார்கள், என் பயத்தில் அதுவும் இல்லை. நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். மைமூன் முந்தானையைப் பிடித்தாள். “டீச்சர், எங்க போறீக? ஓட்டை தப்புன்னு சொன்னீகன்னா எங்க கட்டையும்ல பிரிப்பாக, ஏன் ஓட்டைக்கு வெளிய மார்க் போட்டீகன்னு எங்களயும் கேப்பாக. உக்காருங்க.” ஐகோர்ட்துரை செய்தித்தாளை இறக்கினார். மாசிலாமணியின் முகம் வெளிறியிருந்தது, பாவம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிரகாசி முந்தானையை இழுத்துக்கொண்டு குணசீலன் சாரின் மேசையை நோக்கி நடந்தாள். பதினைந்தடி தூரம்தான். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வாக்கியம் தயாரானது, அடுத்த அடிக்குள் கலைந்தது.

“சார், என்னோட கட்டு அஞ்சையும் பிரிக்கணும்.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன டீச்சர், எதுக்கு?” ஓட்டை, ஓட்டை, ஓட்டை என்று உள்ளே அடித்துக்கொண்டது. “கூட்டல்ல சந்தேகமா இருக்கு சார்” என்றது வாய். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கூட்டல் பிழை வராதவள், போகிற போக்கில் அந்தப் பெயரையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள், அப்போதும் உண்மை வெளியே வரவில்லை. குணசீலன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கூட்டல்லயா டீச்சர், ஓட்டையிலயா?” பிரகாசி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். “சார்?” “அன்னைக்குக் காலையில வச்சுப் பாத்ததுமே எனக்கு என்னமோ போல இருந்துது. அதனாலதான உங்க எல்லார்ட்டயும் ஒவ்வொருத்தராக் கேட்டேன். நாலு பேரும் தப்புன்னுட்டீங்க. எனக்கு வயசாயிப் போச்சு, சுட்டது நானு, பாக்குறதும் நானு, எனக்குத்தான் கண்ணு சரியில்லையோன்னு நெனச்சேன். சரி, பிரகாசி டீச்சர் எம்.ஏ. ஜாக்ரபி, அவங்க பேப்பரப் பாப்போம்னு மூணு நாளா உங்க கட்டுல இருந்து எடுத்து எடுத்துப் பாத்தேன். ஒண்ணுலகூட நீங்க போடல.” “மத்தவங்க போட்டிருக்காங்களே சார், அவங்க பேப்பரையும்தான பாத்தீங்க?” “பாத்தேன். அவங்க எரக்கப்பட்டுப் போடுதாங்கன்னு நெனச்சேன். நீங்க போடலேங்கவும், அப்ப ஓட்டை சரியாத்தான் இருக்கணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.” அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், அதில் கொஞ்சம் சாய்ந்துகொண்டிருக்கலாம். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரைப் பார்த்து அவள் பயந்துகொண்டிருந்த மூன்று நாளும் இவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“ஓட்டை தப்பு சார்” என்றாள் பிரகாசி. சொல்ல முடிந்தது. இவ்வளவுதானா என்று ஆத்திரம் இன்னும் கூடத்தான் செய்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, இன்று காலையில் கட்டிய ஒரு கட்டு அலமாரியில் இருக்கிறது, மற்ற நாலும் நேற்றே அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய்விட்டன, அங்கே மதிப்பெண்ணைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், திங்கட்கிழமை பெயர்கள் ஒட்டப் போகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் போனில் அலுவலகத்து எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே அதை அவள் பக்கம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா மழுப்பிருவேன்.” வாங்கிக் காதில் வைத்தாள். பின்னால் மேசையில் பேனாக்கள் நின்றுவிட்டன. அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், அலுப்பான குரல், யாரு என்றது. தன் பெயரைச் சொன்னாள், பள்ளியைச் சொன்னாள். என்னோட கட்டு நாலையும் நிறுத்தி வைங்க, துறைமுகத்தச் சரியாக் குறிச்ச பிள்ளைகளுக்கெல்லாம் நான் சுழி போட்டுட்டேன், மைமூன் டீச்சர் கட்டுலயும் மத்தவங்க கட்டுலயும் ஒரு தப்பும் இல்ல, என் கட்டு மட்டுந்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. “நாலு கட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படித் திருத்திருக்கீங்களே டீச்சர், அப்படித் திருத்தச் சொன்னது யாரு?” பிரகாசி குணசீலன் சாரைப் பார்த்தாள். திரும்பி ஐகோர்ட்துரையைப் பார்த்தாள், மைமூனைப் பார்த்தாள், மாசிலாமணியைப் பார்த்தாள். நான்கு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரும் சொல்லல சார்” என்றாள்.